மணப்பெண் உடையும் மறுசந்திப்பு அலுவலகமும்

க்யூபெக் நகரத்தில் யாருடைய காரும் தொலைந்ததாகச் சரித்திரம் இல்லை. அது இடம்பெயரும், அவ்வளவுதான். பனி கொட்டினால் கம்பங்களில் சிவப்பு விளக்கு மின்னும். மின்னினால் அன்றிரவு அந்தத் தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் இழுவை வண்டி வந்து, காரைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்தில் எந்தத் தெருவில் சந்து பொந்து இருக்கிறதோ அங்கே செருகிவிட்டுப் போய்விடும். இந்த ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

லோர்னா ஃபிட்செட்டுக்குத் தெரியாது. அவள் பக்கத்தில் ஆங்கிலம் பேசும் ஒன்டாரியோ மாகாணத்தில் நார்த் பே என்ற ஊர்க்காரி. அந்த ஊரின் சாலைத் துறையில் இருபத்தாறு வருஷம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, எந்தப் பனிவாரி வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு போட்டவள். பனியைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அவள் ஊரில் பலகை வைப்பார்கள், விளக்குப் போடுவதில்லை. அதனால் வெள்ளிக்கிழமை மாலை விடுதி வாசலில் காரை நிறுத்தியபோது, கம்பத்தில் மின்னிய சிவப்பு விளக்கை, ஊரில் நடக்கும் குளிர்காலக் கார்னிவல் திருவிழாவின் அலங்காரம் என்று நினைத்துக்கொண்டாள். நின்று ரசித்தாள். படம் பிடித்து, “பிரெஞ்சுக்காரர்கள் எதையும் அழகாகச் செய்கிறார்கள்” என்று எழுதித் தன் பழைய ஆபீஸ் சிநேகிதிக்கு அனுப்பியும் வைத்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வெளியே வந்து பார்த்தால் தெரு துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பனியும் இல்லை, காரும் இல்லை. 

கார் போனால் போகட்டும், அது பழைய கார். அதன் பின்பெட்டியில் இருந்ததுதான் விஷயம். அவள் மகள் ஹெதருக்கு அன்று மதியம் மூன்று மணிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை எத்தியென் இந்த ஊர்ப் பையன். அந்தக் கல்யாணம் வேண்டாம் என்று லோர்னா ஒரு வருஷத்துக்கு முன்னால் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அம்மாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. மன்னிப்புக் கேட்க லோர்னாவுக்கு வாய் வராது, பரம்பரையிலேயே வராது. ஆனால் கை வரும். நாலு மாதம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு மணப்பெண் உடை தைத்தாள். முதுகில் நாற்பத்திரண்டு பொத்தான், ஒவ்வொன்றுக்கும் நூலில் கைப்பின்னல் வளையம். தைத்து முடித்துப் படம் அனுப்பினாள். மகள், “கொண்டு வா” என்று இரண்டே சொல் எழுதினாள். கசங்கக் கூடாது என்று உடையைப் பின்பெட்டியில் நீளவாட்டில் கிடத்தி எடுத்து வந்திருந்தாள். விடுதியின் படி குறுகல். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே விட்டுவிட்டாள்.

விடுதிக்கார அம்மாள் கொலெத், கையில் காப்பியோடு வாசலுக்கு வந்தாள்.

“திருடு போகலைங்க, பதறாதீங்க. நகர்த்தி வெச்சிருக்காங்க. சிவப்பு லைட்டு மின்னுச்சே, பாக்கலையா?”

“பாத்தேன். கார்னிவலுக்குப் போட்டதுன்னு நெனச்சேன்.”

கொலெத் காப்பியை ஒரு வாய் உறிஞ்சினாள். “கார்னிவலுக்கு நாங்க ஐஸ்லயே அரண்மனை கட்டுவோம். ரெண்டு பல்பை மாட்டிட்டுப் போக மாட்டோம். சரி விடுங்க. முன்னெல்லாம் ஒரு போன் நம்பர் இருந்துச்சு. கூப்பிட்டா ஒரு ஆளு கரகரன்னு, ‘மூணாவது தெரு, சலவைக்கடை எதுக்க’ன்னுட்டு டொக்குன்னு வெச்சிருவான். அரை நிமிஷம். இப்ப அதை எடுத்துட்டாங்க.”

“ஏன்?”

“அதுல விருந்தோம்பல் இல்லையாம். இப்ப ஆபீஸ் இருக்கு. போயிட்டு வாங்க, கடவுள் இருக்கார்.”

லோர்னா முதலில் தானே தேடிப் பார்த்தாள். பழைய நகரத்தின் கீழ்ப் பகுதியில் தெருவுக்குத் தெரு வெள்ளைக் குவியல்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கார். மூன்று குவியலைக் கையுறையால் வாரிப் பார்த்தாள். ஒன்றிலிருந்து அலாரம் அலறியது. மைனஸ் பத்தொன்பது டிகிரியில் இது ஆகிற காரியமில்லை என்று புரிந்து, ஒன்பதேகாலுக்கு ஆபீசுக்குப் போனாள்.

கான்வென்ட் சந்து என்ற ஒரு முட்டுச்சந்துக்குள் அது இருந்தது. பித்தளைப் பலகையில், ‘இடம்பெயர்ந்த வாகனங்களுடனான மறுசந்திப்பு அலுவலகம்’ என்று பொறித்திருந்தது. சந்தின் ஓரமாக அதிகாரிகளின் பதினோரு கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே நல்ல கதகதப்பு, நல்ல நாற்காலிகள், சுவரில் கோட்டையின் பெரிய படம். கவுன்டருக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு கருநீலத் திரை தொங்கியது. ஒரு நாற்காலியில் அமெரிக்காவின் ஓஹையோவிலிருந்து வந்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். புதன்கிழமையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாராம். ஹோட்டல் செருப்போடு இருந்தார். இடையிடையே எழுந்து ஜன்னலோரச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊழியர்கள் அவரிடம் சமையலறைச் சாவியையே கொடுத்து வைத்திருந்தார்கள்.

கவுன்டரில் இருந்தவள் ஓதில் கோஸ்லென். லோர்னா வணக்கம் சொல்லி, நடந்ததையெல்லாம் பிரெஞ்சிலேயே விவரித்தாள். சம்பந்தி வீட்டாரோடு பேச வேண்டுமே என்று இரண்டு குளிர்காலம் மாலை வகுப்புக்குப் போய்க் கற்ற பிரெஞ்சு அது. ஓதில் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினாள், கடைசியில் சொந்த ஊர் எது என்று கேட்டாள். நார்த் பே என்றதும் ஒரு பொத்தானைத் தட்டினாள்.

“உங்க கோப்பு ஆங்கிலக் கோப்பா தெறந்திருச்சு, மதாம்,” என்றாள், ஆங்கிலத்தில். டொரன்டோவில் நாலு வருஷம் படித்தவள். குறை சொல்ல முடியாத ஆங்கிலம். “ஆங்கிலக் கோப்புக்கு ஆங்கில அதிகாரிதான் பதில் தரணும். அவங்க செவ்வாய்க்கிழமை வருவாங்க.”

“நீங்க இப்ப ஆங்கிலத்துலதானே பேசறீங்க?”

“இது பதில் இல்லை மதாம். பதில் தர முடியாதுங்கற தகவல். தகவலை யார் வேணாலும் தரலாம்.”

“அப்ப பிரெஞ்சுலயே சொல்லுங்க. எனக்குப் புரியும்.”

“ஆங்கிலக் கோப்புக்காரங்களுக்கு பிரெஞ்சுல பதில் சொன்னா, உங்க உரிமையை நானே மிதிச்ச மாதிரி ஆயிடும். விருந்தாளியோட உரிமையை மிதிக்க எனக்கு மனசு வராது.”

லோர்னா பல்லைக் கடித்துக்கொண்டு திரையைக் காட்டினாள். “அதுக்குப் பின்னாடி என்ன?”

“வரைபடம். நேத்து வரைக்கும் நகர்த்தின எல்லா வண்டியும் அதுல குத்தியிருக்கும்.”

“என் வண்டி இருக்கா?”

ஓதில் எழுந்து போய்த் திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். மறுபடி மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள். “இருக்கு.”

“எந்தத் தெருவுல?”

“அதுதான் பதில், மதாம்,” என்றாள் ஓதில், மிகுந்த அன்போடு.

பத்தரை மணிக்கு ஹெதர் போன் செய்தாள்.

“அம்மா, எங்க இருக்க? எல்லாரும் வந்தாச்சு. நான் இன்னும் பைஜாமாவுல உக்காந்திருக்கேன்.”

“பனி ஜாஸ்தியா இருக்குடி. கொஞ்சம் மெதுவா வர்றேன்.”

“நீயா? பனியா?” என்றாள் மகள். பிறகு மெல்லக் கேட்டாள். “இன்னும் உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல, அதானே? இழுத்தடிக்கற. நேராவே சொல்லிடும்மா. எத்தியெனோட தங்கச்சிகிட்ட ஒரு கவுன் இருக்கு, இடுப்புல ஊக்கு குத்திக்கிட்டா சரியாயிடும். ரெண்டு மணி வரைக்கும் பாக்கறேன்.”

“ஹெதர், நான் சொல்றதைக் கேளு...”

மகள் போனைத் துண்டித்துவிட்டாள். லோர்னாவுக்குக் கண் கலங்கவில்லை. அவள் கோபப்படும் ஜாதி. உள்ளங்கால் முதல் உச்சி வரை கோபம் ஏறியது. அந்தக் கோபத்தோடு எழுந்து, மேலதிகாரி யாரோ அவரைக் கூப்பிடு என்று ஓதிலிடம் சொன்னாள்.

மேலதிகாரி உடனே வந்தார். அதில் குறையே சொல்ல முடியாது. ரொஸேர் பிளமோந்தோன் என்று பெயர். ஆறடி, வெள்ளை மீசை, பளபளவென்று மெல்லிய தோல் காலணி. அன்று மதியம் இரண்டரை மணிக்குக் கார்னிவல் மேடையில் அவருடைய அலுவலகத்துக்கு, அவ்வருஷத்தின் சிறந்த விருந்தோம்பலுக்கான பதக்கம் தருகிறார்கள். அதற்கான ஏற்புரையைக் கையில் வைத்துத் திருத்திக்கொண்டே வந்தார். வந்தவர் விருந்தாளியின் முகத்தைப் பார்க்கவில்லை, அது அவருக்கு வழக்கமும் இல்லை. விருந்தாளியின் தலைக்குச் சற்று மேலே, விருந்தாளிகள் பொதுவாக வசிக்கும் ஒரு இடத்தைப் பார்த்துப் பேசினார்.

“இந்த ஊருக்கு வர்றவங்க கோட்டையைப் பாக்கறாங்க. மதிலைப் பாக்கறாங்க. சாயங்காலம் கிளம்பிடறாங்க! நானூறு வருஷம் பழைய ஊரை நாலு மணி நேரத்துல பாத்து முடிக்கறதுன்னா, அது எங்களுக்கு எவ்வளவு பெரிய அவமானம் மதாம்? பழைய போன் நம்பர் இருந்தப்ப, வண்டி கிடைச்ச அடுத்த நிமிஷம் ஓடிப் போயிடுவாங்க. இப்ப? போன வருஷக் கணக்குப்படி சராசரியா ஒரு விருந்தாளி எங்ககூட பதினோரு நாள் இருந்திருக்கார். எந்த ஹோட்டலும் செய்யாத சாதனை. ஒரு ஜெர்மன்காரர் இங்கயே வேலை தேடிக்கிட்டு, வீடு வாங்கிட்டார்.”

“அவர் வண்டி கிடைச்சுதா?”

“அவருக்கு இப்ப வண்டியே தேவைப்படல,” என்றார் பிளமோந்தோன் பெருமையாக.

“முசியே, என் மகளுக்கு மூணு மணிக்குக் கல்யாணம். அவ உடுப்பு என் வண்டிக்குள்ள இருக்கு.”

“அற்புதம்! உங்க பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல எப்படிப்பட்ட கதை! மத்த ஊர்கள்ல வெறும் கல்யாணம்தான் நடக்கும்.” அவர் தன் ஏற்புரையின் ஓரத்தில் இதைக் குறித்துக்கொண்டார். பிறகு இரக்கம் சுரந்து, “உங்களுக்காக ஒண்ணு செய்யலாம். கோப்பை பிரெஞ்சுக்கு மாத்திக்கலாம். ஒரு தேர்வு எழுதணும், அவ்வளவுதான்,” என்றார்.

தேர்வுத்தாளை ஓதில் எடுத்து வந்தாள். அது தேர்வுத்தாளே இல்லை, ‘தெருப்பனி அகற்றல் கோரிக்கை’ என்ற அசல் படிவம். பத்தொன்பது கட்டம், மூன்று படி. வெள்ளை விண்ணப்பதாரருக்கு, மஞ்சள் ஆவணத்துக்கு, இளஞ்சிவப்பு பனிவண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு. அந்த இளஞ்சிவப்புத் தாளைப் பார்த்ததும் லோர்னா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். நார்த் பேயிலும் அதே நிறம்தான். இருபத்தாறு வருஷம் அந்த நிறத் தாள் கைக்கு வந்தால் அவள் வண்டி அனுப்பியிருக்கிறாள், ஏன் எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

“இது நெஜப் படிவம் மாதிரி இருக்கே?” என்றாள் அப்பாவியாக.

“நெஜமேதான். பொய்க் காகிதத்துல தேர்வு வெக்கறது எங்க கொள்கைக்கு விரோதம். இங்க எல்லாமே அசல்.”

“எந்தத் தெருவை எழுதட்டும்?”

“ஏதாவது ஒண்ணு. பொருள் முக்கியம் இல்ல மதாம். கட்டம் நிரம்பியிருக்கான்னு மட்டும்தான் பாப்போம்.”

“எனக்கு இந்த ஊர்ல ரெண்டு தெருதான் தெரியும். விடுதித் தெருவுல பனியை எடுத்துட்டாங்க.”

“அப்ப இன்னொண்ணை எழுதுங்க,” என்றார் பிளமோந்தோன், ஏற்புரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இது கொட்டகைக்குப் போனா அங்க யாராவது படிச்சுப் பாப்பாங்களோ? தப்பும் தவறுமா எழுதிட்டா வெக்கமா இருக்கும்.”

அவர் சிரித்தார். “படிக்கறதா! கொட்டகையில முத்திரையை மட்டும்தான் பாப்பாங்க. முத்திரை இருந்தா நாலு மணி நேரத்துல தெரு சுத்தம். ‘உடனடி’ங்கற கட்டத்துல குறி இருந்தா ஒரு மணி நேரம். எங்க வேகத்துக்குக் காரணமே யாரும் எதையும் படிக்காததுதான் மதாம். இதை மத்த நகரத்துக்காரங்க வந்து கேட்டுட்டுப் போறாங்க.”

லோர்னா பேனாவை எடுத்தாள். தெரு: கான்வென்ட் சந்து. நீளம்: முழுதும். பனியின் ஆழம்: முட்டளவு. தடையாக நிற்கும் வாகனங்கள்: பதினொன்று. பத்தொன்பது கட்டத்தையும் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பினாள். ‘உடனடி’ கட்டத்தில் மட்டும் இரண்டு முறை அழுத்திக் குறி போட்டாள். பெயர் எழுத இடமில்லை; நேர்மைக்காகத் தேர்வு எண் மட்டும்தான், அவளுடையது பதினேழு.

பிளமோந்தோன் விரலால் கட்டங்களை எண்ணினார். பத்தொன்பது. டமால் என்று முத்திரை குத்தினார். ஓதில் இளஞ்சிவப்புத் தாளை ஃபேக்ஸில் செருகினாள். அது கீச்சென்று கத்திக்கொண்டு கொட்டகைக்குப் போயிற்று. அப்போது மணி பதினொன்று ஐம்பது.

“தேறிட்டீங்க!” என்று அவர் கையை நீட்டினார். “இனிமே உங்க கோப்பு பிரெஞ்சுக் கோப்பு. செவ்வாய்க்கிழமையிலிருந்து அமலுக்கு வருது.”

“அப்படின்னா எல்லாம் அதே செவ்வாய்க்கிழமைதானா?”

“அதேதான். ஆனா இனிமே நீங்க பிரெஞ்சுல காத்திருக்கலாம்.”

லோர்னா நன்றி சொல்லிவிட்டு ஓஹையோக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மனிதர் அவளுக்குத் தன் ரொட்டியில் பாதியைப் பிட்டுக் கொடுத்தார். அவள் நிதானமாகச் சாப்பிட்டாள். கடிகாரத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

பன்னிரண்டரைக்குச் சற்று முன்னால் வெளியே எச்சரிக்கை ஊதல் கேட்டது. பிறகு சங்கிலி கலகலக்கும் சத்தம், பெரிய இன்ஜின்கள் உறுமும் சத்தம். ஜன்னலில் சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போயிற்று. பிளமோந்தோன் காப்பிக் கோப்பையோடு அறையிலிருந்து வெளியே வந்து, கண்ணை மூடிக் கேட்டார்.

“கேளுங்க, எல்லாரும் கேளுங்க. இந்தச் சங்கீதத்தைக் கேட்டா எனக்குப் புல்லரிக்கும். யாரோ ஒரு அசமந்தம் விளக்கைக் கவனிக்காம வண்டியை விட்டுட்டுப் போயிருக்கான். அவனை நாம திட்டுறோமா? இல்ல. அரவணைக்கறோம். இந்த விளக்கு இருக்கே, இது மேயர் வண்டின்னும் பாக்காது, ஏழை வண்டின்னும் பாக்காது. இந்த நாட்டுல முழு சமத்துவம் இருக்கற ஒரே இடம் எங்க இழுவைக் கொக்கிதான்!”

நாலைந்து அதிகாரிகள் கைதட்டினார்கள். ஓஹையோக்காரரும் பழக்க தோஷத்தில் தட்டினார். சத்தம் இருபது நிமிஷம் நீடித்து ஓய்ந்தது.

ஒரு மணிக்கு ஓதில், காரில் வைத்திருந்த சாப்பாட்டை எடுக்க வெளியே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

“முசியே, என் வண்டி இல்ல.”

“நல்லாத் தேடுங்க.”

“உங்க வண்டியும் இல்ல. யாரோடதுமே இல்ல. சந்து ரொம்பச் சுத்தமா இருக்கு.”

எல்லாரும் ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தார்கள். பிறகு பதினோரு பேரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பிளமோந்தோன் மஞ்சள் படியை வரவழைத்துப் பார்த்தார். “என் முத்திரை,” என்றார். கடிகாரத்தைப் பார்த்தார். “நாப்பது நிமிஷத்துக்குள்ள வந்திருக்காங்க!” என்று ஒரு விநாடி அவர் முகம் மலர்ந்தது. மறு விநாடி சுருங்கிவிட்டது. “யார் எழுதினது இது?”

“தேர்வு எண் பதினேழு முசியே. பேரை வெளியிடக் கூடாது. உங்க விதி.”

“ஆமா,” என்றார் அவர் பலவீனமாக. “நல்ல விதி.”

ஓதில் மட்டும் லோர்னாவைத் திரும்பிப் பார்த்தாள். லோர்னா ரொட்டித் துணுக்குகளை மடியிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள்.

“திரையை இழு!” என்று பிளமோந்தோன் கத்தினார்.

“விருந்தாளிங்க உக்காந்திருக்காங்க முசியே. ஆங்கிலக் கோப்புக்காரங்க முன்னாடி...”

“எனக்கு ரெண்டரை மணிக்குப் பதக்கம்! இழு திரையை!”

யாரும் இழுக்காததால் அவரே பாய்ந்து இழுத்தார். வளையங்கள் தெறித்துத் திரை கையோடு வந்துவிட்டது. சுவர் முழுக்க வரைபடம், நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் குத்தூசிகள், ஒவ்வொன்றிலும் வண்டி எண். பதினோரு பேரும் மூக்கு உரசும்படி நெருங்கித் தங்கள் எண்ணைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. பகலில் நகர்த்திய வண்டிகளைக் கொட்டகை சாயங்காலம்தான் எழுதி அனுப்பும், அதுவும் அவர்கள் வைத்த விதிதான். நேற்றிரவு வரை நகர்த்திய வண்டிகள் மட்டும் அதில் தெள்ளத் தெளிவாக இருந்தன.

ஓஹையோக்காரர் ஒரு கூச்சல் போட்டுவிட்டு, ஹோட்டல் செருப்போடு வாசலைத் தாண்டி ஓடினார். லோர்னா எட்டி நின்று பார்த்தாள். கயிற்றுக்காரர் தெரு. இங்கிருந்து நாலே தெரு. காலையில் அந்த வழியாகத்தான் அவள் வந்திருந்தாள். இத்தனை மணி நேரம், நாலு தெரு. அவளுக்கு ஆத்திரம் புதிதாக ஒரு முறை பொங்கியது.

கயிற்றுக்காரர் தெருவில் அவள் போய்ச் சேர்ந்தபோது, பனி மூடிய அவளுடைய சாம்பல் நிறக் காருக்குப் பின்னால், முட்டாத குறையாக, ஓர் அடர்நீலப் புது வண்டியை இழுவை வண்டிக்காரர் ஒருவர் இறக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும், தாடியில் ஐஸ். கண்ணாடியில் ஒட்டியிருந்த மேலதிகாரியின் அலுவலகச் சின்னத்தைப் பார்த்து, வண்டி யாருடையது என்று லோர்னாவுக்குப் புரிந்துவிட்டது.

“இந்தச் சாம்பல் வண்டி உங்களுதா மதாம்?” என்றார் அவர் கரகரத்த குரலில். “மன்னிச்சுக்கங்க, நேத்து நான்தான் கொண்டாந்து வெச்சேன்.”

“பழைய போன் நம்பர்ல பேசினது நீங்கதானே?” என்று லோர்னா கேட்டாள்.

“இருபது வருஷம். ரேஜான்னு பேரு. என் குரல்ல விருந்தோம்பல் இல்லைன்னு ஒரு குழு கண்டுபிடிச்சுது. அந்தக் குழுத் தலைவரோட வண்டிதான் இது.” அடர்நீல வண்டியின் கதவை ஒரு தட்டுத் தட்டினார். “இன்னிக்கு உடனடின்னு ஒரு தாள் வந்துச்சு பாருங்க, குறி ரெண்டு தரம் போட்டிருந்துச்சு.  முத்திரையைப் பாத்தேன், தெருவைப் பாத்தேன், மறுபடி முத்திரையைப் பாத்தேன். எழுதினவன் யாரோ, அவன் கையில முத்தம் குடுக்கணும்.”

லோர்னா கையுறையைக் கழற்றிக் கையை நீட்டினாள்.

ரேஜான் அந்தக் கையைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். தெருவே அதிரும்படி சிரித்துவிட்டு, குனிந்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பிறகு பனி அள்ளும் மண்வாரியை எடுத்து மூன்றே நிமிஷத்தில் அவள் காரைச் சுற்றியிருந்த பனியை வாரிப் போட்டார். பின்பெட்டியைத் திறந்தாள். உடை பத்திரமாக இருந்தது. குளிரில் விறைத்துப் போயிருந்தது, ஆனால் ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இரண்டு முறை மூச்சை இழுத்து விட்டாள். மணி ஒன்று முப்பத்தைந்து.

மேல் நகரத்துக்குப் போகும் நெடும் படிக்கட்டின் அடியில் திரும்பும்போது பிளமோந்தோனைப் பார்த்தாள். மெல்லிய தோல் காலணியோடு பனிச் சகதியில் நின்று, ஒரு கையில் ஏற்புரையும் மறு கையில் சாவியுமாக, நாலு திசையிலும் சாவிப் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தார். எங்கிருந்தும் எந்த வண்டியும் பதில் குரல் கொடுக்கவில்லை. இவள் காரைக் கண்டதும் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். லோர்னா கண்ணாடியை இரண்டு விரல் அகலத்துக்கு இறக்கினாள்.

“மன்னிக்கணும் மதாம்.” யாரென்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வண்டியின் எண்பலகையைப் பார்த்து ஆங்கிலத்திலேயே கேட்டார். “நீங்க வந்த வழியில அடர்நீல வண்டி ஏதாவது நின்னுதா? எனக்கு ரொம்ப அவசரம். ஒரு சின்ன உதவி, எந்தத் தெருன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

அவர் உதடு நீலம் பாரித்திருந்தது. மீசையில் பனி கட்டியிருந்தது. கயிற்றுக்காரர் தெரு அவருக்கு முதுகுப் பக்கம், கூப்பிடு தூரம்.

“பாத்தேனே,” என்றாள் லோர்னா. “மேல. இந்தப் படிக்கட்டு ஏறிப் போங்க. மதில் ஓரமா நிக்குது.”

“மேலயா? அவ்வளவு தூரமா கொண்டு போயிட்டாங்க?”

“எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு.”

அவர் மனசார நன்றி சொல்லிவிட்டு ஏற ஆரம்பித்தார். முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், ஒவ்வொன்றிலும் ஐஸ். லோர்னா முதல் வளைவு வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

இரண்டு மணிக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது மகள் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஹெதர்தான் திறந்தாள். எத்தியெனின் தங்கையுடைய கவுனை மாட்டி, இடுப்பில் ஒரு பக்கம் ஊக்கும் குத்தியாகிவிட்டது. அம்மாவின் கைகளில் இருந்ததைப் பார்த்தாள். ஊக்கைக் கழற்ற ஆரம்பித்தாள். லோர்னா மன்னிப்புக் கேட்கவில்லை, பரம்பரையே அப்படி.

“ஐயோ, ஐஸ் மாதிரி இருக்கும்மா!” உடைக்குள் நுழைந்ததும் ஹெதர் துள்ளினாள். துள்ளியபடியே சிரித்தாள், சிரித்தபடியே மூக்கை உறிஞ்சினாள். “என்னம்மா ஆச்சு? நெஜமாச் சொல்லு.”

லோர்னா பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டபடி, காலையிலிருந்து நடந்ததையெல்லாம் சொன்னாள். விளக்கைச் சொன்னாள், திரையைச் சொன்னாள், தேர்வைச் சொன்னாள். படிக்கட்டுக்கு வரும்போது முப்பதாவது பொத்தானில் இருந்தாள்.

“அந்தக் காலணியோடயா?” என்றாள் ஹெதர். “முந்நூறு படியா? மேல போய்ப் பாத்தா வண்டி இருக்காதே. பாவம்மா அந்த மனுஷன்.”

லோர்னா அதை யோசித்துப் பார்த்தாள். அவசரப்படாமல், நேர்மையாக, நாற்பத்திரண்டாவது பொத்தான் வரைக்கும் யோசித்தாள்.

“இல்ல,” என்றாள்.